பாரம் அறிந்து தூக்குவோம்: எடைப் பயிற்சியில் முயற்சி, அளவு, முன்னேற்றம்

தசைகளை வலுவாக்கும் பயிற்சியை வாரத்தில் குறைந்தது இரண்டு நாட்களேனும் செய்தல் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டில் வளர்ந்தோர் அனைவருக்கும் பரிந்துரைத்தது. அதே ஆண்டில் வெளிவந்த கனேடிய வழிகாட்டலும் இதனையே கூறுகின்றது. தமிழர்களாகிய நமக்கு இப்பரிந்துரை மேலும் பொருந்தும். தென்னாசிய வழிவந்தோரிடையே இரண்டாம் வகை நீரிழிவு ஏனையோரைவிட இளவயதிலும், குறைந்த உடல் எடையிலும் தோன்றுகின்றது. உணவுக்குப்பின் இரத்தத்தில் சேரும் சர்க்கரையைப் பெருமளவில் உள்வாங்குவது தசையே. ஆகவே தசையைப் பேணுதல் அழகுக்காக மட்டும் செய்யப்படும் ஒன்றன்று.

எனினும், ஆர்வத்துடன் ஜனவரியில் பயிற்சியைத் தொடங்கி, தோள்வலியோடும் முதுகுவலியோடும் மார்ச் மாதத்தில் கைவிடுவோர் பலர். மணிக்கணக்கில் ஊதியம் பெறுபவருக்கு ஒரு தோள் காயம் பல வார வருமான இழப்பாக முடியலாம். ஓய்வுநேரப் பயிற்சியில் நேரும் காயம் வேலையிட விபத்தாகக் கருதப்படுவதில்லை என்பதால், அதற்குத் தொழிற்காய இழப்பீடும் கிடைப்பதில்லை. இவ்வாறான காயங்களுட் பல, பாரம் கூடியதால் நேர்வன அல்ல. பாரம் கூடிய வேகத்தால் நேர்வன. முயற்சி, அளவு, முன்னேற்றம் ஆகிய மூன்றையும் தனித்தனியே அளந்து, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் உயர்த்துவது எவ்வாறு என்பதே இப்பாடத்தின் பொருள்.

1. மொன்றியலும் உடல்வலுவும்

இத்துறையில் நமது நகரம் தனிப்பெயர் பெற்றது. 1863இல் கியூபெக்கில் பிறந்த லூயி சீர் தம் காலத்தில் உலகின் மிக வலிமையான மனிதராகப் போற்றப்பட்டார். இன்று மொன்றியலின் பகுதியாக உள்ள சென்ற்-குனெகொந்தில் காவலராகவும் பணிபுரிந்தார். சென்-ஆன்றிப் பகுதியில் அவருக்குச் சிலை உண்டு. மொன்றியலில் ஒரு குடியேறிய குடும்பத்தில் பிறந்த ஜோ வைடர், 1940இல் இங்கிருந்தே உடற்கட்டுக் கலைக்கான ஓர் இதழைத் தொடங்கினார். அவரும் அவருடைய தம்பி பென் வைடரும் 1946இல் நிறுவிய அனைத்துலக உடற்கட்டுக் கூட்டமைப்பும் இந்நகரிலேயே தோன்றியது.

ஆயினும் நமது பாடத்துக்கு இவர்களைவிட உதவுபவர் ஹான்ஸ் செல்யே என்னும் மருத்துவ ஆய்வாளர். மக்கில் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய காலத்தில், 1936இல் 'நேச்சர்' இதழில் அவர் எழுதிய சிறு கட்டுரை, உடல் நெருக்கடிக்கு எவ்வாறு மறுமொழி தருகின்றது என்பதை விளக்கியது. குளிர், காயம், நஞ்சு, மிகையான தசையுழைப்பு என நெருக்கடி எதுவாயினும், எலிகளின் உடல் மூன்று கட்டங்களைக் கடந்தது. முதலில் உடல் அதிர்ந்தது. பின்னர் தாங்கிப் பழகியது. நெருக்கடி நீங்காது நீடித்தபோது இறுதியில் களைத்து வீழ்ந்தது. 1945 முதல் செல்யே மொன்றியல் பல்கலைக்கழகத்தில் தம் ஆய்வைத் தொடர்ந்தார்.

பயிற்சியாளர்கள் பின்னாளில் இக்கருத்தைத் தம் துறைக்கு எடுத்தாண்டனர். பாரம் தூக்குதல் உடலுக்கு ஒரு நெருக்கடி. அது போதிய அளவில் வந்து, பின் ஓய்வும் உணவும் உறக்கமும் கிடைத்தால் உடல் தாங்கிப் பழகி வலுப்பெறுகின்றது. அளவு மிகையாகி ஓய்வு குன்றினால் உடல் களைப்பின் கட்டத்துக்குச் செல்கின்றது. பயிற்சியின்போது நாம் விடுப்பது ஓர் அழைப்பு மட்டுமே. தசை வளர்வது அதன்பின் வரும் நாட்களில்.

2. முயற்சி: மீதியை அறிதல்

ஒரு பாரத்தை ஒருமுறை தூக்கி இறக்குவது ஒரு தடவை. இடைவிடாது செய்யும் பல தடவைகள் சேர்ந்தது ஒரு சுற்று. ஜிம்மில் இதனை 'செட்' என்பர். முயற்சியை அளப்பதற்கு எளிய வழி, சுற்று முடிந்ததும் தம்மைத் தாமே ஒரு கேள்வி கேட்பது: "இதே ஒழுங்குடன் இன்னும் எத்தனை தடவை தூக்கியிருப்பேன்?" அந்த எண்ணிக்கையே மீதி.

பத்துக் கிலோ டம்பெலைப் பத்துத் தடவை தூக்கிய ஒருவரால் பன்னிரண்டு வரை தூக்க இயலுமாயின் அவரது மீதி இரண்டு. மீதி ஐந்துக்கு மேல் இருந்தால் தசைக்குப் போதிய அழைப்புக் கிடைப்பதில்லை. மீதி சுழியமாகும் வரை ஒவ்வொரு சுற்றிலும் போராடினால் களைப்பு மிகுந்து, அடுத்த சுற்றும் அடுத்த நாளும் கெடுகின்றன. பெரும்பாலான சுற்றுகளை ஒன்று முதல் மூன்று வரை மீதி வைத்து முடிப்பது நல்ல நடைமுறை. புதிதாகத் தொடங்குவோர் முதற்சில வாரங்களில் மூன்று அல்லது நான்கு மீதி வைக்கலாம்.

மீதியைக் கணிப்பதில் தொடக்கத்தில் எவரும் தவறுவர். உடல் தரும் அடையாளங்கள் மூன்றை நோக்குக. பாரம் மேலெழும் வேகம் தானாகவே குறைந்தால் மீதி சிறிது என்று பொருள். முதுகு வளைதல், தோள் காதருகே எழுதல் போன்று ஒழுங்கு குலைந்தால் அச்சுற்று அங்கேயே முடிந்தது. மூச்சை அடக்கித் தள்ள வேண்டிய நிலை வந்தால் பாரம் மிகை. மூச்சடக்கித் தூக்கும்போது இரத்த அழுத்தம் சட்டென உயரும். உயர் இரத்த அழுத்தம் உள்ளோர் பாரம் எழும்போது மூச்சை வெளிவிடப் பழகுதல் இன்றியமையாதது.

தென்தமிழகத்தில் பொங்கலையொட்டி இளவட்டக்கல் தூக்கும் போட்டி நடைபெறுவதுண்டு. நெல்லைச் சீமையின் வடலிவிளை போன்ற ஊர்களில் பெண்களும் இதிற் கலந்துகொள்கின்றனர். அன்று முழு வலிமையையும் காட்டுவது முறையே. அது ஆண்டுக்கு ஒருநாள் நிகழும் சோதனை. நாள்தோறும் இளவட்டக்கல்லைத் தூக்க முயல்வோர் சோதனையையும் பயிற்சியையும் ஒன்றெனக் கொள்கின்றனர்.

3. அளவு: வாரக் கணக்கு

அளவு என்பது ஒரு தசைத் தொகுதிக்கு ஒரு வாரத்தில் நாம் கொடுக்கும் கடினமான சுற்றுகளின் எண்ணிக்கை. திங்களன்று நெஞ்சுக்கு மூன்று சுற்று, வியாழனன்று மூன்று சுற்று எனின் வார அளவு ஆறு. உடலைச் சூடேற்றுவதற்காகச் செய்யும் இலகுவான சுற்றுகள் இக்கணக்கிற் சேரா.

எத்தனை சுற்று போதும் என்னும் வினாவுக்கு வரலாறு தரும் விடை சுவையானது. இரண்டாம் உலகப் போரில் காயமுற்ற படையினருக்குச் சிக்காகோ இராணுவ மருத்துவமனையில் சிகிச்சையளித்த தோமஸ் டிலோர்ம் என்னும் மருத்துவர், கனமான பாரத்தால் தசைவலுவை மீட்கும் முறையை 1945இல் வெளியிட்டார். தொடக்கத்தில் அவர் ஒரு பயிற்சிக்கு ஏழு முதல் பத்துச் சுற்றுகள் வரை விதித்தார். அனுபவத்தின்பின் 1948இல் அதனை மூன்றாகக் குறைத்தார். பத்துத் தடவை தூக்கக்கூடிய உச்சப் பாரத்தில் பாதியோடு முதற்சுற்று, முக்காற்பங்கோடு இரண்டாவது, முழுமையோடு மூன்றாவது. இன்றும் உலகெங்கும் வழங்கும் "பத்துத் தடவை, மூன்று சுற்று" என்னும் வழக்கம் பரவியதில் இவருடைய முறைக்குப் பெரும் பங்குண்டு.

புதியவருக்கு ஒவ்வொரு தசைத் தொகுதிக்கும் வாரத்தில் நான்கு முதல் ஆறு சுற்றுகள் போதுமானவை. மாதங்கள் சென்றபின் பத்துவரை உயர்த்தலாம். பல்லாண்டு பயின்றோர் அதற்கு மேலும் செய்வதுண்டு. ஆயின் ஒவ்வொரு கூடுதல் சுற்றும் முந்தியதைவிடக் குறைந்த பயனையே தரும், களைப்பையோ குறையாது தரும். ஒரே நாளில் பத்துச் சுற்றை முடிப்பதைக்காட்டிலும் இரு நாட்களில் ஐந்தைந்தாகப் பகிர்வது நன்று.

4. முன்னேற்றம்: ஒரு நேரத்தில் ஒரு படி

பண்டைய கிரேக்க மல்லர் மைலோ ஒரு கன்றை நாள்தோறும் தூக்கிச் சுமந்தார் என்றும், கன்று காளையானபோதும் அவரால் அதைச் சுமக்க முடிந்தது என்றும் ஒரு கதை வழங்குகின்றது. சிறிது சிறிதாகப் பாரத்தைக் கூட்டினால் உடல் பழகும் என்பது அதன் நற்பொருள். அக்கதை கூறாத எல்லையும் உண்டு. வாரந்தோறும் ஒரு கிலோ கூட்டினால் ஓராண்டில் 52 கிலோ, ஐந்தாண்டில் 260 கிலோ கூடும். எவரும் அவ்வாறு முன்னேறுவதில்லை. முதல் மாதங்களில் வாரந்தோறும் காணும் ஏற்றம், பின்னர் மாதந்தோறும், அதன்பின் ஆண்டுக்குச் சிலமுறை என மெதுவாகும். இது தோல்வியன்று, உடலின் இயல்பு.

நடைமுறை விதி பின்வருமாறு. எட்டு முதல் பன்னிரண்டு தடவை என்னும் எல்லையைத் தேர்க. எட்டுத் தடவை தூக்கக்கூடிய பாரத்தில் தொடங்குக. பாரத்தை மாற்றாது, எல்லாச் சுற்றுகளிலும் பன்னிரண்டு தடவை எட்டும்வரை தடவைகளை மட்டும் கூட்டுக. எட்டியபின் பாரத்தை நூற்றுக்கு இரண்டு முதல் பத்து வரை உயர்த்தி, மீண்டும் எட்டிலிருந்து தொடங்குக. பாரம் உயரும் வாரத்தில் சுற்றைக் கூட்டலாகாது. சுற்றைக் கூட்டும் வாரத்தில் பாரம் அசையாதிருத்தல் வேண்டும்.

இங்கு ஒரு கணக்குப் பொறி உண்டு. இங்குள்ள பல ஜிம்களில் டம்பெல்கள் ஐந்து இறாத்தல் இடைவெளியில் அடுக்கப்பட்டிருக்கும். ஐம்பதிலிருந்து ஐம்பத்தைந்துக்குச் செல்வது நூற்றுக்குப் பத்து உயர்வு. இருபதிலிருந்து இருபத்தைந்துக்குச் செல்வதோ நூற்றுக்கு இருபத்தைந்து. அதே ஐந்து இறாத்தல், இலகுவான பாரம் தூக்குவோருக்குப் பெரும் பாய்ச்சலாகின்றது. அத்தகையோர் பன்னிரண்டில் நின்று மாறாது, பதினைந்து தடவை வரை சென்று பின் மாறுவது தகும்.

முதல் ஆறு வாரங்களில் வலு விரைவாகக் கூடுவதன் காரணத்தையும் அறிதல் நன்று. அக்காலத்தில் பெரிதும் பழகுவது நரம்பு. இருக்கும் தசையைத் திறம்பட ஏவ அது கற்றுக்கொள்கின்றது. தசை அதன்பின் வளர்கின்றது. தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாண் எல்லாவற்றுக்கும் பிந்தி உறுதியடைகின்றது. ஆகவே "எனக்கு இது இலேசாகிவிட்டது" என்று தோன்றும் வாரங்களே தோள், முழங்கை, முழங்கால் நாண்களுக்கு இடர் மிகுந்த வாரங்கள். ஆர்வம் உந்தும் அந்நேரத்தில் விதியைக் கைக்கொள்வோர் அடுத்த ஆண்டும் பயிற்சி செய்துகொண்டிருப்பர்.

5. வேலையும் ஒரு பாரமே

சமூக ஊடகங்களிற் காணும் பயிற்சித் திட்டங்கள் பெரும்பாலும் உழைப்பு அனைத்தும் ஜிம்மிலேயே நிகழ்வதாகக் கொண்டு எழுதப்பட்டவை. நம்மவர் பலரின் வாழ்க்கை அவ்வாறன்று. உணவகச் சமையலறையில் பத்து மணிநேரம் நிற்பவரும், களஞ்சியத்தில் இரவு முழுதும் பெட்டி அடுக்குபவரும், கட்டடங்களைத் துப்புரவு செய்பவரும் ஜிம்மின் கதவைத் திறக்கும் முன்னரே ஒரு பாரத்தைச் சுமந்துவிட்டனர். உடல் இவ்விரண்டையும் வேறுபடுத்துவதில்லை.

மொன்றியல் வாழ்க்கைக்கே உரிய சில பாரங்களும் உண்டு. பெரும்பனி பொழிந்த காலையில் வாசலையும் வாகனத்தையும் சுற்றிப் பனி அள்ளுவது முதுகுக்கும் தோளுக்கும் இதயத்துக்கும் கடும் பயிற்சி. ஜூலை முதலாந் திகதி வீடு மாறும் உறவினருக்காகக் குளிர்சாதனப் பெட்டியை வெளிப்படிக்கட்டில் இறக்குவதும் அவ்வாறே. அவ்வாரத்தில் ஒரு பயிற்சி நாளைக் கழித்துக்கொள்க. கந்தசஷ்டி போன்ற விரத நாட்களில் உணவு குறைவதால் மீளும் ஆற்றலும் குறையும். அந்த வாரத்தை இலகு வாரமாக வைத்துக்கொள்வது பொருத்தம்.

இதற்கு எளிய விதி: உறக்கம் குறைந்த நாளிலும், வேலைப்பளு மிகுந்த நாளிலும் பாரத்தை அவ்வாறே வைத்துச் சுற்றுகளைப் பாதியாக்குக. பெற்ற வலு அதனாற் குறையாது. ஒருநாள் குறைத்ததற்காக மறுநாள் இரட்டிப்பாகச் செய்தலும் வேண்டா.

6. பன்னிரண்டு வாரத் திட்டம்

வாரத்தில் இரு நாட்கள், இடையில் குறைந்தது இரு நாள் ஓய்வு. ஒவ்வொரு நாளும் ஆறு அசைவுகள்: கதிரையிலிருந்து எழுந்தமர்தல் அல்லது பாரத்துடன் குந்தி எழுதல், சுவரிலோ தரையிலோ தண்டால், டம்பெலை இடுப்பை நோக்கி இழுத்தல், அரிசி மூட்டையை எடுப்பதுபோல் இடுப்பில் மடிந்து, முதுகு நேராக நிற்கப் பாரத்தைத் தரையிலிருந்து உயர்த்தல், தலைக்குமேல் தள்ளுதல், இரு கைகளிலும் பாரம் ஏந்தி நடத்தல். நடத்தலைத் தவிர ஏனையவற்றுக்கு மேலே கூறிய தடவை விதி பொருந்தும். நடத்தலை அரை நிமிடத்தில் தொடங்கி ஒரு நிமிடம் வரை நீட்டலாம்.

முதல் மூன்று வாரங்கள்: ஒவ்வோர் அசைவும் இரண்டு சுற்று, மீதி மூன்று அல்லது நான்கு. நோக்கம் ஒழுங்கைக் கற்றல்.

நான்காம் வாரம் முதல் ஏழாம் வாரம் வரை: சுற்று இரண்டே, தடவைகளைப் பன்னிரண்டை நோக்கிக் கூட்டுக, மீதி இரண்டு அல்லது மூன்று.

எட்டாம் வாரம்: இலகு வாரம். ஒவ்வொன்றும் ஒரு சுற்று.

ஒன்பதாம் வாரம் முதல் பதினோராம் வாரம் வரை: முதல் மூன்று அசைவுகளுக்கு மட்டும் மூன்றாவது சுற்றைச் சேர்க்க, ஒன்பதாம் வாரத்தில் எந்தப் பாரத்தையும் உயர்த்த வேண்டா. மீதி ஒன்று அல்லது இரண்டு.

பன்னிரண்டாம் வாரம்: மீண்டும் இலகு வாரம். குறிப்பேட்டைப் புரட்டி, தொடங்கிய நாளோடு ஒப்பிடுக.

குறிப்பேடு விலையுயர்ந்ததாக இருத்தல் வேண்டா. ஒரு நாளுக்கு ஒரு வரி போதும்: "குந்தி எழுதல், 12 கிலோ, 10, 9, மீதி 2, உறக்கம் ஆறு மணி, முந்திய இரவு வேலை." மூன்று மாதங்களின்பின், எப்போது உயர்த்தலாம், எப்போது பொறுக்கலாம் என்பதை இவ்வரிகளே கூறும். நினைவு நேற்றைய வெற்றியை மட்டும் வைத்திருக்கும். ஏடு உறக்கமற்ற இரவையும் வைத்திருக்கும்.

7. எச்சரிக்கைகள்

புதிய பயிற்சிக்குப்பின் ஒன்று முதல் மூன்று நாட்கள் தசை நோவது வழமை. மூட்டில் குத்தும் வலி, கை காலில் மரத்துப்போதல், நாளுக்குநாள் கூடும் வலி ஆகியவை வழமையானவை அல்ல; அவ்வசைவை நிறுத்தி மருத்துவரையோ இயன்முறைச் சிகிச்சையாளரையோ நாடுக. நெஞ்சுவலி, மயக்கம், வழமைக்கு மாறான மூச்சுத்திணறல் தோன்றினால் உடனே நிறுத்தி 911ஐ அழைக்க. கடும் பயிற்சிக்குப்பின் தசைகள் மிகுதியாக நொந்து வீங்கி, சிறுநீர் கறுத்த தேநீர் நிறமாக வெளியேறினால், சிதைந்த தசையின் பொருள்கள் சிறுநீரகத்தைத் தாக்குகின்றன என்று கொண்டு தாமதமின்றி அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்க.

இதயநோய் உள்ளோரும், இன்சுலின் அல்லது சர்க்கரையைத் தாழ்த்தும் மாத்திரை எடுப்போரும், கருவுற்றோரும் தொடங்கும் முன்னர் தம் மருத்துவரிடம் பேசுதல் வேண்டும். பயிற்சியால் சர்க்கரை திடீரெனக் குறையக்கூடும். கையில் இனிப்பு வைத்திருக்க. அவசரமற்ற உடல்நல ஐயங்களுக்கு 811 என்னும் இலக்கத்தில் தாதியருடன் பேசலாம்.

8. கையொப்பமிடும் முன்

பொறுமை பணப்பைக்கும் பொருந்தும். கியூபெக்கின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, தனியார் உடற்பயிற்சி நிலையத்துடன் செய்யும் ஒப்பந்தம் எழுத்தில் இருத்தல் வேண்டும், ஓராண்டுக்கு மேற்படலாகாது. சேவை தொடங்கும் முன் பணம் பெற நிலையத்துக்கு உரிமையில்லை. கட்டணத்தை ஏறத்தாழச் சமமான இரண்டு தவணைகளிலேனும் பெறுதல் வேண்டும். முழுவதையும் ஒரே தடவையிற் கேட்க இயலாது. சேவை தொடங்கும் முன் கட்டணமோ தண்டமோ இன்றி ஒப்பந்தத்தை நீக்கலாம். தொடங்கியபின், ஒப்பந்தக் காலத்தின் பத்திலொரு பங்குக்குள் நீக்கினால், மொத்த விலையில் பத்திலொரு பங்குக்கு மேல் அறவிட முடியாது. ஓராண்டு ஒப்பந்தத்தில் இது ஏறக்குறைய 36 நாட்கள். நீக்கும் அறிவித்தலை எழுத்தில் கொடுத்து, பிரதியைப் பேணுக.

அந்த 36 நாட்களைத் திட்டத்தின் முதல் ஐந்து வாரங்களாகக் கொள்க. அந்நிலையத்தின் நேரமும் தொலைவும் உங்கள் வேலைநேரத்துக்கு இசைகின்றனவா என்பது அதற்குள் தெரிந்துவிடும்.

9. ஜிம்மில் கேட்கும் பிரெஞ்சுச் சொற்கள்

சுற்று 'செறி' எனவும், தடவை 'றெப்பெற்றிசியோன்' எனவும், பாரம் 'ஷார்ஜ்' எனவும், ஓய்வு 'றெப்போ' எனவும் வழங்கும். பயிற்றுநர் "த்றுவா செறி" என்றால் மூன்று சுற்று என்று பொருள்.

மீட்டல் வினாக்கள்

அ. ஒருவர் 20 இறாத்தல் டம்பெலை மூன்று சுற்றிலும் பன்னிரண்டு தடவை தூக்குகின்றார். அடுத்த டம்பெல் 25. அவர் செய்யத்தக்கது யாது?
விடை: தடவைகளைப் பதினைந்து வரை உயர்த்தியபின் மாறுதல்.

ஆ. இரவு வேலை முடித்து நான்கு மணிநேரம் உறங்கியவர் பயிற்சியைக் கைவிட வேண்டுமா?
விடை: வேண்டியதில்லை. பாரத்தை மாற்றாது சுற்றுகளைப் பாதியாக்கலாம்.

இ. ஒரே வாரத்தில் பாரத்தையும் சுற்றையும் உயர்த்தியவருக்குத் தோள் நோகின்றது. காரணத்தை அறிவது ஏன் கடினம்?
விடை: இரண்டு மாற்றங்கள் ஒருங்கே நிகழ்ந்தமையால், எது மிகையானது என்பதைப் பிரித்தறிய இயலாது. ஒரு நேரத்தில் ஒன்று என்னும் விதியின் பயன் இதுவே.

உங்கள் வட்டாரத்தில் உள்ள நகரசபை உடற்பயிற்சி நிலையங்கள், பூங்காக்கள், பயிற்சி வகுப்புகள் பற்றிய விபரங்களை 311 என்னும் இலக்கத்தை அழைத்துப் பெற்றுக்கொள்ளலாம்.